மதுரை நகருக்குள் விழும் மழைக்காட்டுப் புதர்: பழைய ஹெர்பேரியம் பதிவை நீக்கலாமா?

கேள்வி: தாவரவியல் மாணவி, மதுரை

வணக்கம். பசுமைமாறாக் காடுகளின் மரநிழலில் வளரும் சஸ்ஸாலியா கர்விஃப்ளோரா என்னும் புதர்ச்செடியின் ஹெர்பேரியம் (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் காப்பகம்) பதிவுகளை முதுகலை ஆய்வேட்டுக்காகத் தொகுத்து வருகிறேன். இணையத் தரவுத்தளத்திலிருந்து இறக்கிய பட்டியலில், 1917ஆம் ஆண்டுத் தாள் ஒன்றின் வரைபடப் புள்ளி மதுரை நகரின் நடுவே விழுகிறது. லேபிளின் படத்திலோ ‘ஹை வேவி மலை, மதுரை மாவட்டம், 5,000 அடி’ என்றே உள்ளது. இப்பதிவைப் பிழையெனக் கருதி நீக்கிவிடலாமா?

பதில் 1: சின்னமனூர்க்காரன்

நீக்க வேண்டாம், அம்மா. லேபிளில் பிழை இல்லை. பிற்காலத்தில் அதற்குப் புள்ளி வைத்தவரிடம்தான் பிழை. 1917இல் மதுரை மாவட்டம் என்பது இன்றைய திண்டுக்கல், தேனி மாவட்டங்களையும் உள்ளடக்கியது. திண்டுக்கல் 1985இலும் தேனி 1996இலும்தான் பிரிந்தன. ஆகவே மாவட்டப் பெயரை மட்டும் பார்த்து மாவட்டத் தலைநகரான மதுரையில் புள்ளி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஹை வேவி என்பது எங்கள் ஊருக்கு மேலேயுள்ள மேகமலைதான். இன்றும் பேச்சில் ஹைவேவிஸ் என்றே சொல்கிறோம். 5,000 அடி என்பது ஏறத்தாழ 1,524 மீட்டர். வைகைக்கரைச் சமவெளியில் அந்த உயரத்துக்கு எங்கே போவது?

பழைய புள்ளியை விடுத்து, மேகமலைப் பகுதி முழுவதும் அடங்குமாறு ஒரு மையத்தையும், அதன் பிழை எல்லையைக் கிலோமீட்டரிலும் குறியுங்கள். இன்றைய ஹைவேவிஸ் பேரூராட்சியின் ஆயத்தொலைவை அப்படியே எடுத்து எழுதினால், லேபிளில் இல்லாத துல்லியத்தை நீங்களாகவே சேர்த்ததாகிவிடும். லேபிளின் சொற்களை ஓர் எழுத்தும் மாற்றாமல் தனிப் பத்தியில் வைத்திருங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

மேலே சொன்னது சரியே. ஆனால் உயரத்தை அத்தனை நம்ப வேண்டாம். 5,000 என்று முழு ஆயிரத்தில் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் மதிப்பீடாகவே இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் டூப்ளிகேட் தாள்கள். ஒரே செடியிலிருந்து பல கிளைகளை ஒடித்து, ஒரே சேகரிப்பு எண்ணில் வெவ்வேறு ஹெர்பேரியங்களுக்கு அனுப்புவது வழக்கம் என்பதால், கோயம்புத்தூரிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் ஒன்றும், லண்டன் கியூ தோட்டத்தில் ஒன்றும் இருந்தால், தரவுத்தளம் இரண்டு பதிவுகளாகவே காட்டும். சேகரித்தவர் பெயர், எண், நாள் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, பொருந்துபவற்றை ஒரே சேகரிப்பாக எண்ணுங்கள். இவ்வினத்தின் பேரினப் பெயரை நடு எழுத்து இரட்டித்தும் இரட்டிக்காமலும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு வடிவங்களிலும் தேடாவிட்டால் பாதி தவறிவிடும்.

பதில் 3: சோலைநடை

தாளில் பூ இருக்கிறதா? காபிக் குடும்பத்திலேயே சைக்கோட்ரியா என்னும் பேரினமும் சஸ்ஸாலியாவும் நெருங்கியவை; வளைந்த பூக்குழல் கண்ணுக்குத் தெரிந்தால் அடையாளத்தை நம்பலாம், காய் மட்டும் ஒட்டியிருந்தால் ஐயத்துடனே வையுங்கள். தாளின் ஓரத்தில் பிற்காலத்தவர் ஒட்டிய அடையாளச் சீட்டு இருந்தால் அதிலுள்ள பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் பதியுங்கள். ஏனெனில் பெயர் மாறிய தாளைத் தரவுத்தளம் சில வேளை பழைய பெயரிலேயே வைத்திருக்கும்.