வீட்டுச் செபமாலை நின்றுபோய்விட்டது, வழி சொல்லுங்கள்

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். ஜூனிலிருந்து வீட்டில் ராத்திரி செபமாலை, மாதாவிடம் மணி உருட்டிச் சொல்லும் கத்தோலிக்கச் செபம், நின்றுவிட்டது. 9ஆம் வகுப்பு படிக்கும் பெரியவன் டியூஷன் முடிந்து வர எட்டரை ஆகிறது. ஐந்து பத்துகளில் (ஒரு பத்து என்றால் பத்து மணி) மூன்றாவதிலேயே அவனுக்குக் கண் சொருகிவிடும். அம்மா பழைய வழக்கப்படி 'பிரியதத்தத்தினாலே' என்று தொடங்குவார், பிள்ளைகளுக்கோ அதே செபத்தின் புது வடிவமான 'அருள் நிறைந்த மரியே'தான் வரும். போனில் ஓடவிட்டேன், யாரும் வாய் திறக்கவில்லை. விடிகாலையில் முயன்றோம், நாலு நாள்தான். சரி, ஐந்துக்குப் பதில் ஒரே ஒரு பத்து மட்டும் சொல்வோம் என்றேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

வியாழக்கிழமை ஒளியின் மறைபொருள்கள் (செபமாலையில் தியானிக்கும் இயேசுவின் வாழ்க்கை நிகழ்ச்சிகள்; 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தவை) வரும்போது மட்டும், இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானாவூர் கல்யாணத்தைச் சின்னவன் ஆசையாகக் கேட்பான். எனக்கு அது பெரிய தெம்பு.

அக்டோபர், செபமாலை மாதம், வருகிறது. ஒரு பத்தில் தொடங்கி முழு 53 மணிச் செபமாலைக்குத் திரும்பிய குடும்பங்கள் இங்கே இருந்தால், எப்படிச் செய்தீர்கள்?