ஸ்பீட் போஸ்ட் உறையில் இரண்டு கதவு எண்ணையும் எழுதலாமா?

எல்லாருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். தங்கையின் மதிப்பெண் சான்றிதழ்களை, அசலையே, நாளை மறுநாள் புனேயில் அவள் சேர்ந்திருக்கும் கல்லூரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்ப வேண்டும். சரிபார்த்துத் திருப்பி அனுப்ப, நம் விலாசம் எழுதிய உறை ஒன்றும் உள்ளே வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

துணி ஒட்டிய பச்சைக் கவர் வாங்கிவிட்டேன். சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடங்காமலிருக்கப் பின்னால் ஒரு அட்டையும் வைத்தாயிற்று. பெறுநர் விலாசத்தை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி, பின்கோடும் கைபேசி எண்ணும் சேர்த்துவிட்டேன்.

குழப்பமே எங்கள் விலாசத்தில்தான். கதவில் இரண்டு எண்: பழையது 14, புதியது 31. போன மாதம் பழைய எண் மட்டும் போட்டு வந்த ஒரு கடிதம், தெருக்கோடியில் இருக்கும் புதிய 14-இல் நான்கு நாள் கிடந்தது. அந்த வீட்டு அக்கா கொண்டுவந்து கொடுத்ததால் கிடைத்தது. சான்றிதழுக்கு அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? பு.எண் 31, ப.எண் 14 என்று இரண்டையும் எழுதலாமா, இல்லை புதியது மட்டும் போதுமா? 600021-ஐத் தனி வரியில் எழுதட்டுமா?

அப்புறம், திரும்பி வரும் உறையில் தபால்தலை ஒட்டி வைத்தால் போதுமா, இல்லை கல்லூரிக்காரர்களே கவுன்டரில் கொடுத்து ரசீது வாங்க வேண்டுமா? 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால், பெறுநர் கையிலேயே கொடுக்க வேண்டுமென்றால் கவுன்டரில் என்னவென்று கேட்க வேண்டும்?

சமீபத்தில் அனுப்பியவர்கள் யாராவது இன்று இரவுக்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.