டாக் ரிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

ரேஸ் கார் கியர்பாக்ஸ் பற்றிய கட்டுரைக்கு, கியரைத் தண்டோடு பூட்டும் ‘டாக் ரிங்’ என்பதற்குச் சொல் வேண்டும். ‘நாய் வளையம்’ என்று எழுதினால் சிரிப்பார்கள். ‘பல்வளையம்’ போதுமா?

> ‘பல்வளையம்’ போதுமா?

போதாது ஐயா. அந்தப் பெட்டிக்குள் பல் இல்லாத சக்கரமே கிடையாதே! கியர்கள் எப்போதும் தத்தம் இணையோடு கோத்தபடியே சுற்றுகின்றன. கியர் மாற்றும்போது நகர்வது, தண்டின் நீள்வரிப் பள்ளங்களில் வழுக்கிச் செல்லும் இந்த வளையம்தான். அதன் முகத்தில் ஐந்தாறு தடித்த துருத்தல்கள் இருக்கும்; அவை பக்கத்துக் கியரிலுள்ள இடைவெளிகளில் போய் விழும். சாலைக் காரில் சிங்க்ரோ வளையம் உரசி வேகத்தைச் சமன்செய்த பிறகே கியர் விழும். இங்கே வேக வேறுபாடு இருக்கும்போதே மோதி விழுகிறது. ஆகவே ‘உரசு’, ‘ஒத்திசை’ எதுவும் ஒட்டாது.

துருத்தலுக்கு ‘முளை’, வளையத்துக்கு ‘முளைவளையம்’ என்பது என் பரிந்துரை. கன்றுக்குட்டி கட்ட அடிக்கிறோமே, அந்த முளை.

> முளைவளையம்

‘கவ்வு வளையம்’ இன்னும் பொருந்துமே? முளையின் பக்கச்சுவர் நேராக இருக்காது, சில பாகை உட்சாய்வாகச் சீவியிருப்பார்கள். முறுக்குவிசை ஏற ஏற வளையம் கியரை நோக்கி இழுபடும். கவ்வுவது அதுதானே?

> கவ்வுவது அதுதானே?

சரிதான், ஆனால் அந்தப் பிடி விசை இருக்கும்வரைதான். மேல் கியருக்குப் போகையில் லீவரிலுள்ள சென்சர் இழுப்பை உணர்ந்ததும் சில பத்து மில்லிவிநாடிகளுக்கு இக்னிஷன் துண்டிக்கப்படுகிறது. சுமை தளரும் அந்த நேரத்தில்தான் முளை கழலும். வெட்டு நேரம் குறைந்தால் உட்சாய்வு விடாது, வளையத்தைத் தள்ளும் ஃபோர்க் வளைந்துபோகும். அதிகமானால் வண்டி வேகம் இழக்கும். கீழ் கியருக்கு இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை தட்டிச் சுமையை எடுக்க வேண்டும். கிளட்ச் பெரும்பாலும் புறப்படுவதற்கு மட்டும்.

மேலும், ஃபோர்க்கைக் ‘கவை’ என்கிறோம். ‘கவை கவ்வு வளையத்தைத் தள்ளுகிறது’ என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

‘முளை’ வைத்தால் பழுதுகளுக்கும் சொல் கிடைக்கிறது. முளைநுனிகள் நேருக்கு நேர் இடித்து உள்ளே போகாமல் நிற்பது ‘முளைமுட்டு’. லீவரைத் தயங்கித் தயங்கி மெதுவாக இழுத்தால் நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று தடதடவென்று அடித்துக்கொண்டு ஓடி, விளிம்பு உருண்டுபோகும், அது ‘முளைமழுங்கல்’. மழுங்கிய வளையம் சுமையில் கியரைத் துப்பிவிடும். எண்ணெய் வடிக்கும் அடைப்பானின் காந்தத்தில் இரும்புச் சில்லுகள் சேர்ந்திருந்தால் வளையத்தைக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

> விதை முளைப்பதோடு குழம்பாதா?

கியர்பெட்டிக்குள் விதைக்கு என்ன வேலை? சரி, முளைவளையம் என்றே வைப்போம். அடுத்தது, கவைகளை நகர்த்தும் அந்த வளைபள்ள உருளை. லீவரை ஒரு தடவை இழுத்தால் ஒரு படி மட்டும் திரும்பும் என்பதால் முதல் கியரிலிருந்து நேராக மூன்றாவதுக்குத் தாவ முடியாது. ‘படியுருளை’ சரிவருமா?