ஐ5-3320எம்மா, ஐ5-4300யூவா?

கேள்வி: செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போகிறேன். கடையில் ஒரே விலைக்கு இரண்டு இருக்கின்றன. ஒன்றில் இன்டெல் ஐ5-3320எம் பிராசஸர், 2.6 கிகாஹெர்ட்ஸ். இன்னொன்றில் ஐ5-4300யூ, வெறும் 1.9. புதியதில் ஏன் வேகம் குறைவு? டைப்பிங், யூடியூப், கொஞ்சம் பைத்தான், அவ்வளவுதான் என் வேலை.

பதில்: 3320எம் 35 வாட் சிப், 4300யூ 15 வாட், அதிலும் சிப்செட் (பிராசஸருக்குத் துணையான சிப்) சேர்த்தே 15. வாட்டைக் குறைக்கத்தான் அடிப்படை வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். கோர் இரண்டிலும் இரண்டுதான். 1.9 என்பது அடிப்படை வேகம், டர்போவில், அதாவது தேவைப்படும்போது தானாக வேகம் கூட்டி, 2.9 வரை போகும், 3320எம் 3.3 வரை. 4300யூவின் ஹாஸ்வெல் தலைமுறை ஒரே கிளாக்கில் (அதே கிகாஹெர்ட்ஸில்) கொஞ்சம் கூடுதலாகவே வேலை பார்க்கும் என்பதால் உங்கள் வேலைக்கு வித்தியாசம் தெரியாது, அரை மணி நேரம் வீடியோ கன்வெர்ட் செய்தால்தான் தெரியும்.

பதில்: என்னிடம் 4300யூ இருக்கிறது, மடியில் வைத்தால் சுடாது. ஆனால் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், பேட்டரி செத்திருந்தால் 15 வாட்டை வைத்து என்ன செய்வது?

பதில்: இரண்டுக்குமே விண்டோஸ் 11 ஆதரவு கிடையாது. கொஞ்சம் சேர்த்துப் போட்டு ஐ5-8250யூ தேடுங்கள், அதே 15 வாட்டில் நான்கு கோர்.

கேட்டவர்: பட்ஜெட் இடிக்கிறது. சரி, 4300யூ, அப்புறம் லினக்ஸ்.