அதிர்வுப் பலகை: தசை வேலை செய்கிறதா, வெறும் குலுக்கலா?

குமரன்_சேலம்:
ஏறி நின்றால் வேகமாகக் குலுக்கும் மேடைக் கருவிதான் அதிர்வுப் பலகை. "அதிர்வுப் பலகையில் 10 நிமிடம் நின்றால் ஒரு மணி நேர ஜிம்முக்குச் சமம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். அது மிகைதான். அதற்காகப் பலகையே ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 2003-ல் பெல்ஜியத்தின் லூவனில், பயிற்சிப் பழக்கம் இல்லாத பெண்களை 12 வாரம் இதில் ஏற்றிச் சோதித்தார்கள். முழங்காலை நீட்டும் தசையின் வலு 16.6 சதவீதம் கூடியது. எடைப் பயிற்சி செய்த குழுவுக்கு 14.4.

பாரந்தூக்கி:
அந்தப் பெண்கள் சும்மா நிற்கவில்லை, குமரன். பலகை மேலேயே குந்து போட்டார்கள். பழக்கமே இல்லாதவர் வாரம் மூன்று நாள் குந்தினாலே வலு வரும். அதை அதிர்வின் கணக்கில் எழுதலாமா?

குமரன்_சேலம்:
அதற்காகத்தான் இன்னொரு குழு வைத்தார்கள். அதே பயிற்சி, ஆனால் பலகை பெயருக்கு மட்டும் அதிரும். அவர்களுக்கு வலு கூடவில்லை.

பாரந்தூக்கி:
சரி. ஆனால் தசை சுருங்கும்போது எழும் மின்சாரத்தை அளக்கும் தசை மின்பதிவைக் (EMG) காட்டி விற்கிறார்களே, அதை எப்படி நம்புவது? தோலில் ஒட்டிய மின்முனையும் ஒயரும் காலோடு சேர்ந்து ஆடும். 30 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 30 முறை, ஆட்டினால் பதிவில் 30, 60, 90 ஹெர்ட்ஸ் என்று ஊசி ஊசியாக மேடுகள் எழும். அவற்றை வடிகட்டியதும் தசையின் வேலை என்று சொன்னதில் ஒரு பகுதி காணாமல் போகிறது.

அமுதா_பிசியோ:
மேடு எல்லாமே ஒயர் ஆட்டம் இல்லை சார். ஒவ்வொரு குலுக்கலிலும் தசை துளி நீள்கிறது. தசைக்குள் இருக்கும் உணரிகள் அதைத் தண்டுவடத்துக்குச் சொல்ல, சுருங்கச் சொல்லி உடனே கட்டளை வருகிறது. டாக்டர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் எகிறுமே, அதே வழி. அதிர்வால் தசை இப்படிச் சுருங்குவதை எக்லுண்ட், ஹாக்பார்த் என்ற ஆய்வாளர்கள் 1966-லேயே எழுதிவிட்டார்கள்.

நொடிக்கு 30 முறை ஆட்டினால் இந்த அனிச்சையும் 30 ஹெர்ட்ஸில்தான் பதிவாகும். நீங்கள் சொல்லும் வடிகட்டி அதையும் சேர்த்தே தூக்கி எறிந்துவிடும். பிரித்துப் பார்க்க நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஒயர் ஆட்டம் குலுக்கலோடு ஒட்டியே வரும். அனிச்சை சில பத்து மில்லிநொடி தள்ளி வரும்.

பாரந்தூக்கி:
நேரக் கணக்கு நல்ல வாதம், மேடம். ஆனாலும் அளவு? நல்ல பாரத்தோடு குந்து போடுபவருக்கு இந்த அனிச்சை பெரிதாக எதையும் கூட்டப் போவதில்லை. எலும்பு பலப்படும் என்கிறார்கள். 2011-ல் டொரன்டோவில் மாதவிடாய் நின்ற 202 பெண்களை வைத்து 12 மாதம் மென்மையான அதிர்வில் நடத்திய ஆய்வில் எலும்பு அடர்த்தி கூடவில்லை. அப்புறம், பலகை நடுநிலையிலிருந்து 2 மி.மீ. மேலும் கீழும் போனாலே, 30 ஹெர்ட்ஸில் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஏழு மடங்கு. பத்து நிமிடம் நில் என்று யாரை வேண்டுமானாலும் ஏற்றிவிடும் கருவியா இது?

அமுதா_பிசியோ:
யாரை வேண்டுமானாலும் ஏற்றக் கூடாது. கர்ப்பிணிகள், சிறுநீரகக் கல் உள்ளவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஏறவே வேண்டாம். பாரம் தூக்க முடிகிறவர் பாரமே தூக்கட்டும், அதில் உங்கள் கட்சிதான் நான். பாரம் தூக்கவே முடியாத பெரியவர்களுக்குத்தான் இதை யோசிப்பேன்.

குமரன், நீங்கள் ஏறினால் முழங்காலைப் பூட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அதிர்வு நேரே தலைக்கு ஏறும், பல் கிடுகிடுக்கும், பார்வை மங்கும். முழங்காலை மடக்கினால் தொடைத் தசை குலுக்கலை வாங்கிக்கொள்ளும். குதிகாலைச் சற்றுத் தூக்கினால் கெண்டைக்காலும் இறுகும்.

பாரந்தூக்கி:
அந்த விளம்பரத்தில் முழங்காலை மடக்கச் சொல்லி ஒரு வரியாவது இருக்கிறதா, குமரன்?

குமரன்_சேலம்:
இல்லை. படத்தில் இருப்பவரும் காலை நேராக வைத்துத்தான் நிற்கிறார்.