புதுப்பிப்பு: தொங்கும் கூடையில் தண்ணீர் நிற்காத பிரச்சினை தீர்ந்தது

தென்னை நார் கூடையில் வைத்த பெட்டூனியா வாடுகிறது, ஊற்றிய தண்ணீரெல்லாம் உடனே ஒழுகிவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். செடி இப்போது நன்றாகத் தேறிவிட்டது, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி!

கூடையில் மண்ணுக்குப் பதிலாக நிரப்பியிருந்த கோகோபீட் (தென்னை நார்த்தூள்) முழுக்கக் காய்ந்தால் சுருங்கிவிடும். ஓரத்தில் விழும் இடைவெளி வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும், வேருக்குப் போகாது. அதனால் கூடையைக் கழற்றி, ஒரு வாளித் தண்ணீரில் குமிழி அடங்கும் வரை அமிழ்த்தி வைத்தேன். சொட்டு நின்றதும் மாட்டினேன். நனைந்த கூடை நல்ல கனம், கொக்கி உறுதியாக இருக்கட்டும்.

அப்புறம், நாருக்கு உள்பக்கம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தாள் விரித்து, கோகோபீட்டோடு மண்புழு உரமும் செம்மண்ணும் கலந்தேன். ஈரம் இப்போது நிற்கிறது. வாடிய பூவைக் காம்போடு கிள்ளிவிடுங்கள், மொட்டு நிறைய வருகிறது.