பொருள்: ஆற்றுநீர் தூக்கி வரும் மண்ணுக்குச் சொல் (அச்சுக்கு முன் கடைசி மடல்)

அனைவருக்கும் வணக்கம்.

மாணவர் கையேடு திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம், கொடிவேரி, பவானி கூடுதுறை எனப் பவானி ஆற்றின் நான்கு இடங்களில் பிள்ளைகள் தண்ணீர் மொண்டு, வடிதாளில் வடித்து, 105 டிகிரியில் உலர்த்தி, தாளில் தங்கிய மண்ணை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதப் போகிறார்கள். அந்தப் பத்திக்குத் தலைப்பு மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அந்த மண்ணுக்கு நீங்கள் சொன்ன சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

"தொங்கல் படிவு" பாடநூல் வழக்கு என்கிறார் ஈரோட்டு ஆசிரியர். தொங்குவதற்கு மேலே ஒரு பிடி வேண்டும். தொட்டில் தொங்கும், முருங்கைக்காய் தொங்கும். ஆற்று மண்ணையோ நீரின் சுழிப்பு கீழிருந்து தூக்கிக்கொண்டே இருக்கிறது. சுழிப்பு அடங்கினால் மண் இறங்கிவிடும். அதனாலேயே "மிதவை"யும் ஆகாது. படிவு, வண்டல் இரண்டும் படிந்த பிறகு வரும் பேர்கள். குளத்தில் வெட்டி வண்டியில் ஏற்றுவதைத்தான் நம் காட்டுக்காரர்கள் வண்டல் என்பார்கள்.

புலவர் ஐயாவின் "நொய்ம்மண்" அழகான சொல். அரிசி நொய்யில் தொடங்கி நொய்யல் ஆறு வரை அவர் போன மூன்று மடல்களையும் ஆசையாகப் படித்தேன். (காஞ்சிமாநதி என்ற அதன் பழம்பேரைப் பற்றியும் எழுதுங்கள் ஐயா.) ஆனால் நொய் என்பது துகளின் அளவைத்தான் சொல்கிறது. மலையிறங்கும் வெள்ளம் மணலையே தூக்கி வரும். வேகம் குறைந்த இடத்தில் அதே மணல் அடியில் உருளும், பவானிசாகர் அணைக்குள் வந்ததும் தங்கிவிடும். நுண்ணிய களி மட்டும் நெடுநேரம் இறங்காமல் நிற்கும். ஆக, எது மேலே வருகிறது என்பதை நீரின் வேகமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. சொல்லில் அது தெரிய வேண்டும்.

இனி கோபிசெட்டிபாளையத்து (கோபி) அம்மணி சொன்ன "கலங்கல்". கேட்டதும் புரியும், மறுக்க முடியாது. ஆனால் குளத்தில் மிச்சநீர் வழியும் இடத்துக்கும் அதுதான் பேர். சூலூர்ப் பக்கம் கலங்கல் என்று ஓர் ஊரே இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், கலங்குவது நீர், மண் அல்ல. கலித்தொகையில் தேற்றாங்கொட்டை போட்டுத் தெளிவதும் கலங்கிய நீர்தான். நீரில் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்று பார்க்கும் அளவைக்குக் கலங்கலை வைத்துக்கொள்வோம். குடிநீருக்கு 1 அலகு, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 5 வரை என்று இந்தியத் தரம் சொல்வது அந்த அளவைத்தான். பாசி இருந்தாலும் அது ஏறும். நொய்யலில் சாயநீர் கலந்தால் நிறம் மாறும், உப்பு கூடும். கரைந்த உப்பு வடிதாளில் தங்காது. நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகள் "மண் அதிகம்" என்று எழுதிவிடக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவு மன்றாடுகிறேன்.

என் முன்மொழிவு: ஏந்துமண். ஏந்திய மண், ஏந்துகின்ற மண், ஏந்தும் மண் என்று விரியும் வினைத்தொகை. அடியில் உருண்டு வருவது உருள்மண். இரண்டும் இணையாக நிற்கும். இதுவரை நால்வர் சரி என்றிருக்கிறார்கள், இருவர் கலங்கலுக்கே. ஞாயிறு இரவு வரை பார்க்கிறேன்.

மறுமொழி (புலவர்):

தம்பிக்கு, பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் தெற்கே ராமநாதபுரம் பக்கம் ஏந்தல் என்றாலே ஏரி. குளத்தின் ஓர் உறுப்பு என்று கலங்கலைத் தள்ளிவிட்டு, ஏரியையே கொண்டுவந்து வைக்கிறீர்கள். அங்குள்ள பிள்ளை ஏந்துமண் என்றால் ஏரிமண் என்று படிக்காதா? அடிக்குறிப்பிலாவது நொய்ம்மண் வரட்டும். காஞ்சிமாநதி பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

மறுமொழி (கோபி):

அண்ணா, பக்கத்தில் அடிக்குறிப்புக்கு இடம் இல்லைங்க. ஏந்துமண் என்றே போட்டு அனுப்பிவிட்டேன். என் வகுப்பில் கலங்கல் என்றுதான் சொல்வேன்.